இரண்டடி உயரம்!

அண்ணாமலையின் உயரம் 2,668 அடி. அதன் அடிவாரத்தில் எழுந்து நிற்கும் கிழக்குக் கோபுரத்தின் உயரம் 217 அடி. மலையைச் சுற்றிவரும் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். முழுநிலவு நாளில் அந்தப் பாதையிலே எள் போட்டால் எள் விழ இடமிருக்காது. வெறுங்காலோடு நடக்கிறார்கள், விடிய விடிய நடக்கிறார்கள். நடைக்குப் பெயர் பெற்ற ஊர் திருவண்ணாமலை!

நாம் இன்று பேச வந்திருப்பது வேறோர் உயரம் பற்றி. இரண்டடி உயரம்! மருத்துவமனைக் கட்டிலுக்கும் தரைக்கும் இடையே உள்ள உயரம். கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் கண்கள், இந்த இரண்டடியை ஒருமுறை குனிந்தும் பார்க்கட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

“உலகத்தில் எத்தனையோ சிக்கல் இருக்க, கட்டிலுக்கு ஒரு தலையங்கமா?” என்று கேட்கும் தோழரும் இருப்பார். கேட்கட்டும். அந்தக் கட்டிலிலே படுத்திருப்பது யார் என்று நாம் அவரைத் திருப்பிக் கேட்கிறோம். ஆரணியிலே தறியில் அமர்ந்து பட்டு நெய்து பார்வை மங்கியவர். செங்கத்திலே ஏர் பிடித்துக் கை காய்த்தவர். சாரத்தில் ஏறி ஊரார் வீட்டுக்குச் செங்கல் சுமந்து, ஒருநாள் கால் தவறி விழுந்தவர். செல்வனுக்கு நோய் வந்தால் தாங்கிப் பிடிக்க நான்கு ஆள் உண்டு. உழைத்து ஓடாய்த் தேய்ந்தவனுக்குத் தாங்கிப் பிடிக்க யார் உண்டு? கட்டில்தான் உண்டு! அந்தக் கட்டிலே அவனைக் கவிழ்த்துவிட்டால்?

மருந்து பற்றிப் பேசிய வள்ளுவர், மருத்துவத்தை நான்காகப் பிரித்தார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் நோய் தீராது. நான்கும் கூடுகின்ற இடம் எது? கட்டிலடி! ஆனால் மருந்தின் விலையைக் கேட்கிறோம்; மருத்துவரின் பெயரைக் கேட்கிறோம்; கட்டிலின் உயரத்தை எவரும் கேட்பதில்லை.

சாதாரண இரும்புக் கட்டில், மெத்தையோடு சேர்த்து ஏறத்தாழ இரண்டடி உயரம் நிற்கிறது. நம் வீட்டுத் தாய்மாரின் முழங்கால் உயரமோ பெரும்பாலும் ஒன்றரை அடிக்கும் குறைவு. கட்டில் விளிம்பிலே அந்தத் தாய் உட்கார்ந்தால் பாதம் தரையைத் தொடாது, அந்தரத்தில் தொங்கும். நள்ளிரவு. சிறுநீர் கழிக்க வேண்டும். துணைக்கு வந்த மகள் அயர்ந்து தூங்குகிறாள். செவிலியரோ கூடத்தின் மறுகோடியிலே வேறொருவர் பக்கத்தில் நிற்கிறார். எழுப்பக் கூச்சம், அழைக்கத் தயக்கம். மெல்லச் சறுக்கி இறங்குகிறார். பாதம் தரையைத் தேடுகிறது. நாள்கணக்கில் படுத்த உடம்பு, சட்டென்று எழுந்ததும் இரத்த அழுத்தம் இறங்குகிறது, கண் இருட்டுகிறது. கட்டிலின் சக்கரத்துக்குப் பூட்டுப் போடாவிட்டால் கட்டிலும் நகர்கிறது. அவ்வளவுதான்! காய்ச்சலுக்கு வந்தவர் இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறார்.

விழுவது சிறு செய்தி அல்ல, தோழர்களே! ஆண்டுதோறும் உலகெங்கும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து மாள்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

“அப்படியானால் எழவே வேண்டாம், படுத்தே கிடக்கட்டும்” என்று சிலர் வழி சொல்கிறார்கள். அது வழி அல்ல, குழி! படுக்கையே ஆபத்து என்று 1947ஆம் ஆண்டிலேயே எச்சரித்து எழுதினார் லண்டன் மருத்துவர் ரிச்சர்டு ஆஷர். உடல்நலமுள்ள முதியவர் பன்னிருவரைப் பத்து நாள் படுக்கையிலே வைத்து ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர்கள், 2007இல் முடிவை வெளியிட்டார்கள். பத்தே நாளில், கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்துபோயிருந்தது! நோயில்லாதவர்களுக்கே இந்தக் கதி என்றால், நோயாளிக்கு? படுத்தால் தசை போகிறது. எழுந்தால் எலும்பு முறிகிறது. இந்த இருபக்க இடியிலிருந்து ஏழையை மீட்பது எப்படி?

கட்டிலைத் தாழ்த்து! கட்டிலை உயர்த்து! இதுதான் விடை.

தலைப்பக்கத்தையும் முழங்கால் பக்கத்தையும் திருகு கைப்பிடியால் உயர்த்தும் கட்டிலை, 1909ஆம் ஆண்டிலேயே உலகறியச் செய்தார் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லிஸ் காட்ச். நம் மருத்துவமனைகளில் ‘ஃபவுலர் காட்’ என்ற பெயரிலே நிற்பதும் அந்தக் குடும்பத்துக் கட்டிலே. நல்ல கட்டில்தான். ஆனால் அதன் சாதாரண வகையில் தலை உயரும், முழங்கால் மடங்கும், கட்டிலின் உயரம் மட்டும் மாறாது. நாம் கேட்பது அடுத்த படி: கட்டில் முழுவதும் ஏறவும் இறங்கவும் வேண்டும்.

அது என்ன செய்யும்? உறங்கும்போது தரைக்கு அருகே தாழ்ந்து நிற்கும். உருண்டு விழுந்தாலும் பெருங்காயம் இல்லை. எழ நினைக்கும்போது தலைப்பக்கம் உயர்ந்து முதுகைத் தூக்கி உட்கார வைக்கும். அறுவைத் தையல் போட்ட வயிற்றுக்கு வலி குறையும். விளிம்பில் அமர்ந்ததும் இரு பாதமும் தரையில் பதியும். இரண்டொரு நிமிடம் அப்படியே இருந்தால் தலைச்சுற்றல் தெளியும். பிறகு கட்டிலைச் சற்றே உயர்த்தினால் இடுப்பு முழங்காலை விட மேலே வரும், எழுவது எளிதாகும். பக்கத்திலே ஒரு கைப்பிடி. பிடித்தார், எழுந்தார், நின்றார்! யாருடைய தோளும் தேவைப்படவில்லை. யாருடைய தயவும் தேவைப்படவில்லை.

செவிலியர் பணி செய்யும்போது அதே கட்டில் அவருடைய இடுப்பு உயரத்துக்கு ஏறும். நாள் முழுதும் குனிந்து, புரட்டி, தூக்கி முதுகொடியும் அந்தச் சகோதரியும் தொழிலாளிதானே! ஒரே கட்டில் இரண்டு முதுகைக் காக்கிறது.

“பக்கத்திலே கம்பி வைத்துவிட்டால் போதாதா?” என்பார்கள். போதாது. நீள் கம்பியைத் தாண்டி ஏறி விழுபவர், கம்பி இல்லாதபோது விழுவதைவிட உயரத்திலிருந்து விழுகிறார். கம்பி இடுக்கில் சிக்கியவர் கதையோ அதனினும் கொடிது. 1985 முதல் 2009 தொடக்கம் வரை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு வந்த அறிக்கைகள் 803. அவற்றிலே மாண்டவர் 480 பேர்! அடைத்து வைப்பது பாதுகாப்பு அல்ல. எழ உதவுவதே பாதுகாப்பு.

எழுவது என்றால் என்ன என்பதை உலகுக்குக் காட்டியவர் ஒருவர் நமக்கு மிக அருகிலேயே வாழ்ந்தார். திருவண்ணாமலை அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த காலம் அது. தனி மாவட்டம் ஆனது 1989இல்தானே! வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் சிக்கினார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. முடங்கினாரா? இல்லை! சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் மடங்கிய கைகளுக்கு அறுவை செய்தார். வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். அவர் முயற்சியால் 1966இல் வேலூரிலே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. முதுகெலும்பு முறிந்தவருக்கு இத்தகைய நிலையங்களில் கற்றுத்தரும் முதன்மைப் பாடங்களில் ஒன்று, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தன் கைவலியால் மாறுவது. கட்டிலும் நாற்காலியும் ஒரே மட்டத்தில் நின்றால்தானே மாற முடியும்? கட்டில் தாழ மறுத்தால், மனிதன் அல்லவா அடுத்தவரிடம் தாழ வேண்டியிருக்கிறது!

“ஏழை நாட்டுக்கு இது ஆடம்பரம்” என்பது கடைசி வாதம். முறிந்த இடுப்புக்கு அறுவை, ஆணி, மாதக்கணக்கில் படுக்கை, பக்கத்தில் காவல் இருக்கும் மகனின் போன கூலி, அந்தக் குடும்பம் வாங்கும் கந்துவட்டிக் கடன் — இவற்றைக் கூட்டிப் பார்த்துவிட்டு ஆடம்பரம் எது என்று சொல்லட்டும். மின்சாரக் கட்டில்தான் வேண்டும் என்று நாம் பிடிவாதம் பிடிக்கவில்லை. கையால் திருகி ஏற்றி இறக்கும் கட்டிலும் உண்டு. மின்சாரம் போனாலும் அது வேலை செய்யும்.

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தும் கருவியும் வாங்கித் தருவதற்கென்றே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் அமைக்கப்பட்டது. வாங்கும் பட்டியலிலே கட்டிலின் உயரத்தையும் ஒரு கேள்வியாக வைக்கட்டும். எல்லாக் கட்டிலையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. எலும்பு முறிவு, பக்கவாதம், முதியோர் — இந்த மூன்று கூடங்களில் தொடங்கட்டும். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று மாத்திரையும் இயன்முறைப் பயிற்சியும் வாசலுக்கு வருகின்றன. மாத்திரை வந்த வாசல் வழியே இரவல் கட்டிலும் வரட்டும்!

அரசு செய்யட்டும் என்று நாம் கைகட்டி இருக்கலாமா? கூடாது. நம் வீடுகளில் முதியவர் படுப்பது வந்தவாசிக் கோரைப்பாயில். இல்லையேல் தொட்டிலாய்க் குழிந்த கயிற்றுக் கட்டிலில். பக்கவாதம் வந்தவர் பாயிலிருந்து எழுவது மலையேற்றம்! ஆகவே தோழர்களே, இன்று மாலை வீடு சென்றதும் உங்கள் தாயை, தந்தையைக் கட்டில் விளிம்பில் உட்காரச் சொல்லுங்கள். இரு பாதமும் தரையில் முழுதாய்ப் பதிகின்றனவா? இடுப்பு முழங்காலுக்குச் சற்று மேலே இருக்கிறதா? இல்லையென்றால் தச்சரை அழையுங்கள்; காலை அறுத்துத் தாழ்த்தவோ, கட்டை கோத்து உயர்த்தவோ அவருக்கு அரைநாள் வேலை. செங்கல்லை அடுக்கி உயர்த்தாதீர்கள், நழுவும். கைக்கெட்டும் இடத்தில் அசையாத ஒரு பிடி வையுங்கள். இரவிலே ஒரு சிறு விளக்கு எரியட்டும்.

ஊர்தோறும் படிப்பகம் கண்டவர்கள் நாம். நாளிதழ் வாங்கக் காசு சேர்த்த அதே கைகள், படிப்பகத்துக்கு ஒரு கட்டில் என்று உறுதி கொள்ளட்டும். ஏறி இறங்கும் கட்டில் ஒன்று. தேவைப்படும் வீட்டுக்கு இரவல். தேவை முடிந்ததும் அடுத்த வீட்டுக்கு. சாதி கேட்காது, கட்சி கேட்காது அந்தக் கட்டில். தொழிற்சங்கங்கள் தொடங்கி வைக்கட்டும். தெருவுக்குத் தெரு தொடரட்டும்.

விழுந்தவனைத் தூக்கிவிடுவது இரக்கம். அவன் விழாமல், தானே எழுந்து நிற்க வழி செய்வது கடமை. அளவுகோலை எடுங்கள், தோழர்களே!