அலறுவது எண்ணெயா, கருவியா?

பாலக்காட்டில் நேந்திரங்காய் வறுக்கும் மாஸ்டருக்குக் காதுதான் தெர்மாமீட்டர். காய்ந்த தேங்காய் எண்ணெயில் சீவல்கள் விழுந்ததும் எழும் இரைச்சல் மெல்ல அடங்கும். ஈரம் வற்றிவிட்டது என்று அர்த்தம். உப்புத் தண்ணீர் தெளிப்பார். மறுபடி சடசடப்பு, மறுபடி அமைதி. வாரி எடுத்துவிடுவார்.

உருளிக்குப் பதில் எவர்சில்வர் பிரையர் வந்துவிட்ட சமையல்கூடங்களில், இந்தக் காதின் வேலையை ஒரு சின்ன கண்ட்ரோலர் பார்க்கிறது. வெப்பநிலை தவறினால் 'பீப்' என்று கத்துகிறது. அவசரத்தில் கை முதலில் தேடுவது அந்தச் சத்தத்தை நிறுத்தும் பொத்தானை. ஆபத்து அங்கேதான் ஆரம்பம்.

எல்லாக் கத்தலும் ஒன்றல்ல. வெப்பம் குறைந்ததாக வரும் எச்சரிக்கைக்குப் பெரும்பாலும் காரணம், ஒரே நேரத்தில் அதிகமாகக் கொட்டிய சரக்கு. சில நிமிடங்களில் சூடு ஏறாவிட்டால் பர்னரையோ ஹீட்டரையோ பார்க்க வேண்டும். வெப்பம் மிகுந்ததாக வரும் எச்சரிக்கை அவசரமானது. எண்ணெய் முதலில் புகையும். இன்னும் சூடேறினால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். திரையில் எண்ணுக்குப் பதில் எழுத்துகளோ நம்பமுடியாத எண்ணோ தெரிந்தால், எண்ணெயில் மூழ்கியிருக்கும் உணர்கருவி பழுது. அப்போது கண்ட்ரோலர் கண் தெரியாதவர் நிலையில் இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு தனிக் காவல்: கண்ட்ரோலரை நம்பாமல், தானே கேஸையோ மின்சாரத்தையோ துண்டிக்கும் உச்சவரம்பு சுவிட்ச். அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதிப்படி அதன் எல்லை 246 டிகிரி செல்சியஸ். அது ஒருமுறை விழுந்தால் காரணம் தேட வேண்டும். அதற்கு ஒயர் போட்டுக் குறுக்குவழி செய்வது, தீயை விருந்துக்கு அழைப்பது.

இதே கருவி இடுக்கி மலைக்குப் போனால் வேறொரு குழப்பம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாறில் காற்றழுத்தம் குறைவு. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். இட்லி வேகும் நீராவிப் பெட்டியில் 98 டிகிரிக்குக் கீழே கத்தும்படி வைத்திருந்தால், எவ்வளவு கேஸ் எரித்தாலும் கத்தல் ஓயாது. பழுது கருவியில் அல்ல. சமவெளிக் கணக்கை மலைக்கு ஏற்றியதில்.

உணர்கருவியைக் கொதிநீரில் சோதிக்கும் மெக்கானிக்கும் இங்கே ஏமாறலாம். 95 காட்டுகிறதே என்று ஐந்து டிகிரியைக் கூட்டிவைத்தால், பிறகு பிரையரில் 180 என்று தெரியும்போது எண்ணெய் உண்மையில் 175-லேயே நிற்கும். வறுவல் எண்ணெய் குடிக்கும். பழி வாழைக்காய்மீது விழும். இதற்கு எளிய வழி, உடைத்த பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த குவளை. பாலக்காடானாலும் மூணாறானாலும் அதில் பூஜ்யம்தான்.

எச்சரிக்கை வந்த நேரம், திரையில் தெரிந்த எண், அப்போது எண்ணெயில் இருந்த சரக்கு ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தால் மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்தது. எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் நொடியில் ஆவியாகித் தீயை நாலாபக்கமும் வீசும். கேஸை மூடி, பாத்திரத்தையும் மூட வேண்டும்.

இரைச்சலைக் கேட்டுத்தான் மாஸ்டர் வறுத்தார். கருவி எழுப்பும் சத்தத்தையும் அணைக்குமுன் கேட்பது நல்லது.