தொடக்கக் கோப்புகள் தொலைந்த கணிப்பொறி

பழைய அளவீட்டுக் கருவியொன்றுடன் இணைக்கப்பட்ட கணிப்பொறி ஒரு நாள் காலையில் இயங்க மறுக்கிறது. வட்டில் இடம் போதவில்லை என்று முந்தின மாலை எவரோ சில கோப்புகளை நீக்கியிருக்கிறார். அவற்றுடன் தொடக்கக் கோப்புகளும் போய்விட்டன. இத்தகைய வேளையில் அருகிலிருப்போர் கூறும் யோசனை பெரும்பாலும் ஒன்றே. வட்டை ஃபார்மட் செய்து, யாவற்றையும் புதிதாக நிறுவிவிடலாம் என்பார்கள். விளையாட்டுக்கென வைத்திருக்கும் பொறியாயின் இதனால் கேடில்லை. பல்லாண்டு அளவீடுகள் அவ்வட்டிலேயே இருக்குமாயின், நோயைவிட மருந்தே கொடியதாகிவிடும்.

ஃப்ரீடாஸ் என்னும் இயங்குதளத்தை எடுத்துக்கொண்டால் இது நன்கு விளங்கும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தனது எம்.எஸ்.-டாஸ் இயங்குதளத்தைக் கைவிடப் போகிறது என்று தெரிந்தபோது, அமெரிக்காவில் பௌதிக மாணவராக இருந்த ஜிம் ஹால் என்பவர் 1994-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் அதற்கு ஈடான ஒன்றை ஆர்வலர்களே ஆக்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தார். உட்கருவைப் பாட் வில்லானியும், கட்டளை விளக்கியை டிம் நார்மனும் அளித்தனர். முதற் பதிப்பு முழுமை பெற 12 ஆண்டுகள் ஆயின. 2006 செப்டம்பரில்தான் அது வெளிவந்தது. ஊதியம் பெறாதோர் ஓய்வு நேரத்தில் செய்த வேலையாதலால் இத்தாமதம் வியப்பன்று. பழைய டாஸ் நிரல்களை இயக்க வேண்டிய இடங்களில் இன்றும் அது பயன்படுகிறது. ஆனால் பழுது நேர்ந்தால் அழைப்பதற்கு அதற்கென ஒரு சேவை நிலையம் இல்லை. பயன்படுத்துவோரே அதன் வழியை அறிந்திருத்தல் வேண்டும். அவ்வழியோ ஒளிவுமறைவற்றது, ஒரு பிற்பகலில் கற்றுவிடக் கூடியது.

மின்சாரம் பாய்ந்ததும் பயாஸ் என்னும் நிலைநிரல் வட்டின் முதற் பகுதியை நினைவகத்தில் ஏற்றுகிறது. அப்பகுதி 512 பைட்டு அளவினது. அதில் 446 பைட்டுகள் நிரல். 64 பைட்டுகள் வட்டின் பிரிவினை அட்டவணை. எஞ்சிய இரண்டும் அடையாளக் குறி. அந்நிரல் இயங்கத்தக்க பிரிவைக் கண்டு, அதன் தொடக்கப் பகுதியாகிய பூட் செக்டரை அழைக்கிறது. பூட் செக்டர் கெர்னல்.சிஸ் என்னும் கோப்பைத் தேடி ஏற்றுகிறது. உட்கரு விழித்ததும் எஃப்டிகான்ஃபிக்.சிஸ் என்னும் அமைப்புக் கோப்பைப் படிக்கிறது. அது இல்லையெனில் கான்ஃபிக்.சிஸ்ஸைப் படிக்கிறது. பின்னர் கமாண்ட்.காம் என்னும் கட்டளை விளக்கியை அழைக்க, அது எஃப்டிஆட்டோ.பேட் கோப்பில் எழுதப்பட்டவற்றை ஒவ்வொன்றாக நிறைவேற்றுகிறது. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குச் செல்லும் அஞ்சல் பை போன்றது இது. பை எங்கே நின்றதென்று கண்டால் யார் வரவில்லை என்பது தெரிந்துவிடும்.

ஆகவே திரையில் கடைசியாகத் தோன்றிய வரியை எழுதி வைத்துக்கொள்வதே முதல் வேலை. பலர் இதைச் செய்வதில்லை. பொறியை நிறுத்தி நிறுத்தி இயக்கிப் பார்க்கிறார்கள். இயக்கத்தக்க வட்டே இல்லை என்று பயாஸ் கூறுமாயின், பழுது முதற் பகுதியிலோ பிரிவினை அட்டவணையிலோ உள்ளது. உட்கருவைக் காணவில்லை என்று வந்தால் கெர்னல்.சிஸ் தொலைந்தது. உட்கருவின் பதிப்பு எண் திரையில் தோன்றிய பின்னர் கட்டளை விளக்கியைக் காணோம் என்று வருமாயின், உட்கருவும் அதற்கு முற்பட்ட யாவும் நலம். இந்நிலையில் ஃப்ரீடாஸ் நின்றுவிடாமல், கட்டளை விளக்கி இருக்குமிடத்தைத் தட்டெழுதித் தருமாறு கேட்கிறது. பலரை ஏமாற்றும் இடம் இதுவே. கமாண்ட்.காம் தன் அடைவில் பத்திரமாக இருக்க, அதன் இருப்பிடத்தைக் கூறும் எஃப்டிகான்ஃபிக்.சிஸ் மட்டும் அழிந்திருந்தாலும் இதே செய்தி வரக்கூடும். முழு முகவரியைத் தட்டினால் பொறி எழுந்துவிடும். கோப்பு இருந்தும் அதில் ஒரு வரி கெட்டிருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், தொடங்கும் வேளையில் எஃப்8 விசையை அழுத்தி ஒவ்வொரு வரிக்கும் அனுமதி அளித்துச் செல்லலாம். எஃப்5 விசை அமைப்புக் கோப்புகளை அடியோடு தாண்டிவிடும்.

உட்கருவே தொலைந்திருந்தால் வேறொரு வட்டிலிருந்து பொறியைத் தொடங்கி, சிஸ் என்னும் கட்டளையை இடவேண்டும். அது பூட் செக்டரைப் புதிதாக எழுதி, உட்கருவையும் கட்டளை விளக்கியையும் படியெடுத்து வைக்கிறது. மற்றக் கோப்புகளை அது தொடுவதில்லை. இங்கே ஒரு பொறி உண்டு. யு.எஸ்.பி. குச்சியிலிருந்து தொடங்கும்போது பயாஸ் பெரும்பாலும் அதனையே முதல் வட்டாகக் காட்டுவதால், குச்சி ‘சி’ ஆகவும் பொறியின் உள்வட்டு ‘டி’ ஆகவும் எழுத்து மாறிவிடும். பழக்கத்தினால் ‘சி’ என்று கட்டளையிட்டவர் வேலை முடிந்ததென்று நம்பிக் குச்சியைப் பிடுங்கினால், பொறி முன்போலவே கிடக்கும். டிர் கட்டளையால் இன்ன வட்டு இன்னதென்று பார்த்த பின்னரே சிஸ் இடுதல் நன்று. எஃப்டிஸ்க் கொண்டு முதற் பகுதியைத் திருத்துவதும் எடுத்த எடுப்பிலேயே செய்யத்தக்கதன்று. அதே வட்டில் லினக்ஸ் முதலிய வேறு இயங்குதளமும் இருக்குமாயின், அதன் தொடக்க நிரல் அழிந்துபோகும்.

இவை யாவற்றிற்கும் முற்பட்ட விதி ஒன்று உண்டு. தொடக்கக் கோப்புகளோடு அளவீட்டுக் கோப்புகளும் நீக்கப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், அவ்வட்டில் எதையும் எழுதலாகாது. டாஸ் வகையைச் சேர்ந்த வட்டுகளில் ஒரு கோப்பை நீக்குவதென்பது அதனை அழிப்பதன்று. பட்டியலில் அக்கோப்பின் பெயரில் முதல் எழுத்து மாற்றப்படுகிறது. அது எந்தெந்தக் கட்டங்களில் இருந்ததென்னும் சங்கிலிக் குறிப்பு துடைக்கப்படுகிறது. உள்ளடக்கம் அவ்விடத்திலேயே கிடக்கிறது. தொடர்ச்சியான கட்டங்களில் இருந்த கோப்பைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். சிதறியிருந்ததை மீட்பது கடினம். ஆனால் அவ்விடம் காலி என்று கருதிப் புதிய கோப்பு எழுதப்பட்டுவிட்டால் மீட்பதற்கு ஒன்றும் இராது. சிஸ் கட்டளையும் எழுதும் கட்டளையே என்பதை மறத்தலாகாது. முதலில் வட்டைக் கழற்றி மற்றொரு பொறியில் இணைத்து, பைட்டுக்குப் பைட்டு முழுப் படி எடுத்துவிட வேண்டும். லினக்ஸிலுள்ள டிடி கட்டளை இதற்குப் போதும். எனினும் அதில் மூலத்தையும் இலக்கையும் மாற்றி எழுதிவிட்டால் மூலமே அழியும். ஆதலால் இருவர் பார்த்துச் செய்வது உத்தமம்.

புதிய பொறி வாங்கினால் இத்தொல்லை தீருமென்று நினைப்போரும் உளர். அண்மைக்காலப் பொறிகள் பல பழைய பயாஸை விடுத்து யு.இ.எஃப்.ஐ. முறையை மட்டும் கொண்டவை. அவற்றில் ஃப்ரீடாஸ் நேரடியாகத் தொடங்காது. பழைய கருவியின் இணைப்பு அட்டையைச் செருகவும் அவற்றில் இடமிராது. இருக்கும் பொறியைக் காப்பதைத் தவிர இத்தகைய இடங்களில் வேறு வழியில்லை.

பள்ளிகளில் கணிப்பொறி கற்பிக்கும் ஆசிரியர்கள் இயங்குதளத்தை நிறுவக் கற்பிக்கின்றனர்; மீட்கக் கற்பிப்பது அரிது. இது வருந்தத்தக்கது. கியூஇஎம்யு போன்ற நிரலால் ஒரு பொறிக்குள் போலிப் பொறியொன்றை அமைத்து, அதில் ஃப்ரீடாஸை நிறுவி, மாணவரில் ஒருவர் கெர்னல்.சிஸ்ஸை நீக்க, மற்றொருவர் திரையை மட்டும் பார்த்துப் பழுதைக் கூறுமாறு செய்யலாம். மறுநாள் எஃப்டிகான்ஃபிக்.சிஸ்ஸை நீக்கலாம். செலவில்லை, கெடுவதற்கும் ஒன்றுமில்லை. தொடக்கம் என்பது படிப்படியான செயல் என்று பாடநூலில் படித்த மாணவன், எந்தப் படி இல்லை என்று தேடும்போதுதான் அதை உண்மையில் அறிகிறான்.

களப் பணியாளருக்கு வேண்டியது இன்னும் எளியது. உட்கருவும் கட்டளை விளக்கியும் சேர்ந்து 200 கிலோபைட்டுக்கும் குறைவு. ஒரு நெகிழ்வட்டிலேயே அடங்கும். அவற்றையும், அப்பொறிக்கே உரிய இரண்டு அமைப்புக் கோப்புகளையும் ஒரு யு.எஸ்.பி. குச்சியில் வைத்து, அமைப்புக் கோப்புகளைக் காகிதத்திலும் அச்சிட்டு, பொறியின் அருகிலேயே வைக்கலாம். அக்குச்சியால் அதே பொறி உண்மையில் தொடங்குகிறதா என்று பொறி நலமாயிருக்கும் நாளிலேயே சோதித்து, சோதித்த தேதியைக் குச்சியின் மேல் எழுதி ஒட்டிவைக்க வேண்டும். சோதிக்காத குச்சிகள் பல மேசைகளின் அறைகளில் கிடக்கின்றன. அவற்றுள் சில தொடங்கா.