கடலடி யாருக்குச் சொந்தம்?

சென்ற மாதம் ஞாயிறு பூசைக்குப் பின், சங்கு குளிக்கும் நம் பங்குக் குடும்பத் தலைவர் ஒருவர் மனக்குறையோடு நம்மிடம் வந்தார். "சாமி, கடன்பட்டு மகளைச் சட்டம் படிக்க வைத்தேன். கோர்ட்டுக்குப் போவாள் என்று பார்த்தால், சர்வதேசச் சட்டத்தில் ஆராய்ச்சி செய்யப் போகிறாளாம். அதனால் யாருக்குப் பயன்?" என்று கேட்டார். அவருக்கு நாம் அளித்த மறுமொழி மற்றக் குடும்பங்களுக்கும் உதவக்கூடும்.

சர் செசில் ஹர்ஸ்ட் என்பவர் 1918 முதல் 1929 வரை பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சகத்தின் சட்ட ஆலோசகராயிருந்தார். பின்னர் உலக நீதிமன்ற நீதிபதியானார். ராஜதந்திர அலுவல்களுக்கிடையே ஆராய்ச்சியிலும் இறங்கிய அவர், 1923-24ஆம் ஆண்டுக்கான பிரிட்டிஷ் சர்வதேசச் சட்ட ஆண்டு மலரில் ஒரு கேள்வியை எழுப்பினார்: கடலடி யாருக்குச் சொந்தம்?

கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பால் கடல் யாவருக்கும் பொது என்பது அன்றைய கொள்கை. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களோ அந்த எல்லைக்கு வெளியே பரந்து கிடந்தன. அப்படியானால் அந்நியர் எவரும் வந்து சிப்பியை வாரிச் செல்லலாமா? ஹர்ஸ்ட் பழைய ஏடுகளைப் புரட்டினார். பாரின்மேல் சுற்றித் திரியும் படகுகளைப் பறிமுதல் செய்ய 1811இலேயே இலங்கையில் விதி இருந்தது. மேலே உள்ள நீர் பொதுவாயினும், நெடுங்காலம் இடையறாது ஆண்டு வந்த கடலடியை உரிமையாகக் கொள்ளலாம் என்பது அவர் கண்ட முடிவு.

இன்று சிப்பியும் சங்கும் கரையோர நாட்டின் கண்டத்திட்டு உரிமையில் அடங்குகின்றன. 1958இல் ஜெனீவாவிலும், 1982இல் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையிலும் இது எழுதப்பட்டது. ஒரு கட்டுரையே இதைச் சாதித்தது என்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் வழி திறந்தவற்றுள் அதுவும் ஒன்று.

அன்பர்களே, இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த உரிமைக்கு ஆதாரமாய் நின்றது தலைமுறை தலைமுறையாக நடந்த முத்துக்குளிப்பு. மூச்சடக்கி மூழ்கியவர்கள் நம் முன்னோர். உரிமை பெற்றவையோ அரசுகள். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. அரசுகளின் உரிமையை ஆராய ஒரு ஹர்ஸ்ட் இருந்தார். குளியாளின் உரிமையை ஆராய யார் இருக்கிறார்கள்? அந்த வேலைக்குக் குளியாளின் மகளைவிடத் தகுதியுடையவர் யார்?

"உம் தகப்பனார் காலத்துச் சீட்டுகள் வீட்டில் உண்டா?" என்று கேட்டோம். "தகரப் பெட்டியில் கிடக்கின்றன, சாமி, கறையான் தின்னுமுன் எரித்துவிடலாமென்று இருந்தேன்" என்றார்.

எரிக்க வேண்டாம், மகள் கையில் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினோம்.