பைக்கில் செய்த தவறுக்கு லாரியை ஏன் பறிக்க வேண்டும்?

ராஜபாளையத்து லாரி டிரைவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி வாங்கிவரத் தம் பைக்கில் கிளம்புகிறார். தலையில் ஹெல்மெட் இல்லை. பஞ்சு மார்க்கெட் பக்கம் பிடிபடுகிறார். மோட்டார் வாகனச் சட்டம் 194டி பிரிவின்படி ஆயிரம் ரூபாய் அபராதம். அதைக் கட்டிவிட்டால் முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதே பிரிவில், மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் வைத்திருக்கும் தகுதி கிடையாது என்றும் எழுதியிருக்கிறது. பைக்குக்கும் காருக்கும் லாரிக்கும் கார்டு ஒன்றுதான். கார்டு முடங்கினால் திங்கட்கிழமை சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி ஏற்றிச் செங்கோட்டை வழியாகக் கொல்லம் போக வேண்டிய லாரிக்கு அவர் டிரைவர் இல்லை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். வீடு ராஜபாளையம். மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். இந்தப் பக்கத்து வண்டிகள் தாங்கும் டி.என். 84 என்ற எண்ணுக்குரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் இந்த ஊரில்தான். அதனால் சாலையின் இரண்டு பக்கமும் என் மேசைக்கு வந்துவிடும். ஒரு பக்கம் விபத்து இழப்பீட்டு மனுக்களின் கட்டு. மதுரை – கொல்லம் சாலையில் புருஷனைப் பறிகொடுத்தவர்கள், இருபது வயதுப் பிள்ளையின் போட்டோவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வாய்தாவுக்கு வாய்தா வருகிறவர்கள். இன்னொரு பக்கம் லைசென்ஸ் நோட்டீசை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வரும் டிரைவர்கள்.

முதல் கட்டைப் பார்த்துப் பழகியவள் என்பதால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடித்துவிட்டு ஓட்டியவருக்காக நான் இதை எழுதவில்லை. நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் என்பது சட்டம் வகுத்த எல்லை. அதைத் தாண்டி ஸ்டியரிங்கைப் பிடித்தவருக்கு மூன்று மாதம் போதாது என்பது என் கருத்து. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அதன் தொடர்ச்சியாக 2014இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுவது, குடிபோதை, ஓட்டும்போது செல்போன், அதிக பாரம், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது ஆகியவற்றுக்கு லைசென்ஸைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்க வேண்டும் என்று அந்தக் குழு 2015 ஆகஸ்டில் மாநிலங்களுக்குச் சொன்னது. ஒரு தமிழ் மருத்துவர் தொடங்கிவைத்த அந்த வேலையில் எனக்கு மரியாதை உண்டு. என் கேள்வி, தண்டனை தவறு செய்த இடத்தில் விழுகிறதா என்பதுதான்.

ஹெல்மெட்டுக்காக வந்த ஒரு தம்பி சொன்னதை இங்கே எழுத வேண்டும். "அக்கா, நான் லாரில எந்தத் தப்பும் பண்ணலக்கா. பதினாறு வருசமா கேரளா லைன் ஓடுறேன். ஒரு உரசல் கிடையாது." கூட வந்திருந்த மனைவி மில்லில் ஷிப்ட் பார்க்கிறவர். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் நேராக பஸ் ஏறி வந்திருந்தார். "மூணு மாசம் இவரு வீட்ல உக்காந்தா, குழு லோனு, பைக் டியூ, பிள்ளைக்கு பீஸு... நான் ஒருத்தி எதைக்கா கட்ட?" அவர் அழவில்லை. கணக்குத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

மூன்று மாதம் யாரும் வீட்டில் உட்காருவதில்லை என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சிலர் லோடுமேனாகப் போகிறார்கள். சிலர் சம்பளத்தில் பாதிக்குக் கிளீனராகப் போகிறார்கள். பலர் ஓட்டவே செய்கிறார்கள். "நீ ஓட்டுப்பா, நான் பாத்துக்கிறேன்" என்று முதலாளி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையை நம்பக் கூடாது. தகுதியிழப்புக் காலத்தில் ஓட்டினால் 182ஆம் பிரிவின்படி மூன்று மாதம்வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஓட்டக் கொடுத்த முதலாளிக்கு 180ஆம் பிரிவின்படி மூன்று மாதம்வரை சிறை, அல்லது ஐயாயிரம், அல்லது இரண்டும். நடுவில் ஒரு விபத்து நடந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் திரும்ப வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயம் உத்தரவிடும். அப்படிப்பட்ட வசூல் மனுக்களின் நகலை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரே ஒரு லோடு வண்டி வைத்திருக்கும் முதலாளி அதில் எழுந்திருக்க மாட்டார்.

பிழைப்புக்கு வழியே விடாத தடை, ஆளை ஒளிந்து ஓட்ட வைக்கிறது. செக்போஸ்ட்டுக்குப் பயந்து சுற்று வழியில் ராத்திரி நேரத்தில் ஓட்டும் டிரைவரால் சாலைக்கு என்ன பாதுகாப்பு?

இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பிடித்த லைசென்ஸைப் போலீஸ் 206(4) பிரிவின்படி லைசென்ஸ் வழங்கும் அதிகாரிக்கு அனுப்புகிறது. அவர் முடிவெடுக்க வேண்டியது 19ஆம் பிரிவின்படி. 2019 திருத்தம் சேர்த்த 19(1ஏ)வைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். டிரைவரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும். கேட்டபின் அவரை விடுவிக்கலாம். விடுவிக்காவிட்டால், விரிவான காரணங்களை எழுதி, லைசென்ஸில் உள்ள எல்லா வகை வாகனங்களுக்குமோ அவற்றில் ஏதேனும் ஒரு வகைக்கோ தகுதியிழப்புச் செய்யலாம். முதல் தடவை என்றால் மூன்று மாதம், மறுபடியும் என்றால் லைசென்ஸே ரத்து. ஏதேனும் ஒரு வகைக்கு மட்டும் என்ற அந்த வழியை நாடாளுமன்றம் காரணத்தோடுதான் திறந்து வைத்திருக்கும். கோர்ட் தகுதியிழப்புச் செய்யும் 20ஆம் பிரிவிலும் அதே வழி இருக்கிறது. ஆனால் என் மேசைக்கு வந்த உத்தரவுகளில், அவை பல ஊர்களிலிருந்து வந்தவை, பைக்கை மட்டும் நிறுத்தி லாரியை விட்டுவைத்த ஒன்றை நான் பார்த்ததில்லை.

194டியின் வாசகம் கண்டிப்பானது, அதில் வகை பிரிக்கவில்லை என்று ஒரு வக்கீல் வாதாடலாம். வாதம் சரிதான். ஆனால் அந்தத் தகுதியிழப்பு நடைமுறைக்கு வருவது 19ஆம் பிரிவின் வழியாகத்தான். இரண்டையும் சேர்த்துப் படிக்க இடம் இருக்கிறது. தெளிவில்லை என்றால் போக்குவரத்து ஆணையர் ஒரு சுற்றறிக்கையில் தெளிவாக்கலாம்: முதல் தடவை, ஹெல்மெட் போன்ற தன் உயிரோடு நிற்கும் தவறு, தொழிலுக்கு ஓட்டும் வண்டியில் நடக்காதது – இந்த மூன்றும் பொருந்தினால் தடையை இருசக்கர வாகனத்தோடு நிறுத்துங்கள் என்று. மூன்று மாதம் அவர் மார்க்கெட்டுக்கு நடந்து போகட்டும், பஸ்ஸில் போகட்டும். அந்தத் தண்டனை உறைக்கும். வீட்டு அடுப்பு அணையாது.

பைக்கில் அலட்சியமாக இருப்பவர் லாரியில் மட்டும் ஒழுங்காக இருப்பாரா என்று கேட்பார்கள். செல்போன் விஷயத்தில் அந்தக் கேள்வி முற்றிலும் நியாயம். ஒரு கையில் போன் வைத்துக்கொண்டு பைக் ஓட்டுகிறவர் பதினாறு டன்னையும் அப்படித்தான் ஓட்டுவார். அவருக்கு எல்லா வகையையும் நிறுத்துங்கள். வேகத்துக்கும் அப்படியே. ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறைக்கோ, ஆண்டாள் தேர் பார்க்கவோ, துக்க வீட்டுக்கோ குட்டியானையில் ஆட்களை நிற்கவைத்து ஏற்றிப்போகிற டிரைவருக்கும் நான் சலுகை கேட்க மாட்டேன். கவிழ்ந்தால் ஒரு தெருவே போய்விடும். அங்கே அரசு செய்ய வேண்டியது வேறு: அந்த நாட்களில் அந்தக் கிராமங்களுக்குப் பஸ் விட வேண்டும்.

வெளிநாடுகளில் இதற்கென்றே தனி ஏற்பாடு உண்டு. நியூசிலாந்தில் லைசென்ஸ் இழந்தவர் கோர்ட்டுக்குப் போய், தமக்குக் கடும் இன்னல் என்றோ, பிறருக்குத் தகாத துன்பம் என்றோ நிரூபித்தால் வரம்புக்குட்பட்ட லைசென்ஸ் வாங்கலாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வேலைக்கு மட்டும் ஓட்டும் அனுமதி தருகிறார்கள். பிடிபட்டபோது வேலை நிமித்தமாகவே ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு அது கிடையாது. அமெரிக்காவிலும் பல மாநிலங்களில் வேலைக்குப் போய்வர இப்படி அனுமதி உண்டு. ஆனால் தகுதியிழந்தவருக்குக் கனரக வாகனம் ஓட்ட அந்தச் சலுகை செல்லாது. நம் சட்டத்தில் நேரம், வழித்தடம் என்று வரம்பு போட இடமில்லை. வாகன வகை என்ற வரம்பு மட்டும் இருக்கிறது. இருப்பதையாவது பயன்படுத்த வேண்டாமா?

திரும்பப் பெறுவதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. காலம் முடிந்துவிட்டால் கார்டு தானாக வீட்டுக்கு வந்துவிடாது. திருத்தத்துக்குப் பின், புத்தாக்கப் பயிற்சியை முடித்தவருக்குத்தான் லைசென்ஸைத் திருப்பித் தர வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அதை முடிக்கலாம். மூன்று மாதம் முடிந்தபின்தான் பயிற்சியைப் பற்றியே கேள்விப்பட்டு, இன்னும் சில வாரம் இழந்தவர்களை எனக்குத் தெரியும். உத்தரவிலேயே எந்தப் பள்ளி, எந்தத் தேதி என்று எழுதிக் கொடுத்தால் தடைக்காலத்துக்குள் பயிற்சி முடிந்துவிடும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மாதம் ஒரு முறையாவது அந்த வகுப்பு நடக்க வேண்டும். வேலையில்லாமல் இருப்பவரைப் பயிற்சிக்காக வேறு மாவட்டத்துக்கு அலையவைக்கக் கூடாது.

டிரைவர் தம்பிகளுக்கும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் சில வார்த்தைகள். லைசென்ஸை வாங்கிக்கொண்டால் அங்கேயே ஒப்புகைச் சீட்டுக் கேளுங்கள். 206(3) பிரிவின்படி, அந்தச் சீட்டில் போட்ட தேதிவரை, அல்லது லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும்வரை, எது முந்தியோ அதுவரை ஓட்ட அதுவே அனுமதி. லைசென்ஸில் உள்ள முகவரியைச் சரிபாருங்கள். முடங்கியார் ரோட்டில் பத்து வருடத்துக்கு முன் இருந்த வாடகை வீட்டுக்கு நோட்டீஸ் போனால், பதில் சொல்லும் வாய்ப்பை உங்களுக்குத் தெரியாமலே இழந்துவிடுவீர்கள். அதிகாரிகளும் நோட்டீசோடு செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம். டிரைவர் வீட்டில் இருக்கும் நாட்கள் குறைவு.

விசாரணைக்குக் கூப்பிட்டால் போங்கள், காட்டிய இடத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இத்தனை வருடம் விபத்தில்லாமல் ஓட்டியதற்கு முதலாளியிடம் ஒரு கடிதம் வாங்கிப் போங்கள். 19ஆம் பிரிவில் வாகன வகை பிரிக்க இடம் இருக்கிறது, லாரியை விட்டுவையுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு உத்தரவு கிடைத்த நாளிலிருந்து முப்பது நாள் இருக்கிறது. கவர் கைக்கு வந்ததும் அன்றைய தேதியை அதன்மேலேயே எழுதி வைத்துவிட்டு, அந்த வாரமே யாராவது வக்கீலைப் பாருங்கள்.