மீன் தொட்டியில் ஒரு குடும்பம்

வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலே பலவின மீன்களைக் கூட்டாக வளர்ப்போருக்கு என்றேனும் ஒருநாள் வந்து சேரும் இக்கட்டைப் பற்றி எழுதுமாறு மாணவ அன்பர் சிலர் கேட்டுள்ளனர். நேற்றுவரை சாதுவாகத் திரிந்த இரண்டு மீன்கள் தொட்டியின் ஒரு மூலையைத் தமதாக்கிக்கொண்டு, அணுகுவனவற்றையெல்லாம் விரட்டத் தொடங்கும். உற்று நோக்கினால் அங்கே கல்லின் மேல் முட்டைகள் ஒட்டியிருக்கும். குஞ்சுகளைக் காப்பதா, மற்ற மீன்களைக் காப்பதா?

இவ்வாறு குடும்பம் நடத்துவன பெரும்பாலும் சிக்கிலிட் குடும்பத்து மீன்கள். உலகில் 1,700க்கு மேற்பட்ட சிக்கிலிட் இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் மிகப்பல ஆபிரிக்காவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் உரியவை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமானவை மூன்றே. அம்மூன்றில் இரண்டு நம் தீவின் களப்புகளில் வாழ்கின்றன. மலையாள நாட்டார் கரிமீன் என்றும் சிங்கள மக்கள் கோரளியா என்றும் விரும்பி உண்ணும் பெரிய மீன் ஒன்று; விரலளவே வளரும் மஞ்சள் நிற ஒரேஞ்சுக் குரோமைட் மற்றொன்று. ஜெர்மானிய அறிஞர் புளொக் முன்னதை 1790இலும் பின்னதை 1795இலும் அறிவியலுலகுக்கு அறிமுகம் செய்தார். நம் குளங்களில் மலிந்துள்ள திலாப்பியாவும் சிக்கிலிட்டே. ஆனால் அது 1952இல் ஆபிரிக்க வழி வந்த விருந்தாளி. அதன் தாய் குஞ்சுகளை வாயினுள்ளே வைத்துக் காக்கும்.

ஒரேஞ்சுக் குரோமைட்டின் வளர்ப்பு முறையோ வியப்பினும் வியப்பு. தாயும் தந்தையும் முறைவைத்து முட்டைகளுக்குச் செட்டையால் விசிறுகின்றன. சில நாட்களில் முட்டை பொரித்ததும், மணலிலே தோண்டிய குழிகளுக்குக் குஞ்சுகளை வாயிற் கவ்விக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. ஏறக்குறைய ஒரு வாரத்தில் குஞ்சுகள் நீந்தத் தொடங்குகின்றன. பெற்றோர் தம் கரிய வயிற்றுச் செட்டைகளைப் படபடவென விரித்து மடக்கினால் குஞ்சுகள் அருகே ஓடிவருகின்றன. அதுமட்டுமன்று, பெற்றோரின் உடலில் மெல்ல மோதி, தோலிற் சுரக்கும் சளியைக் கொறித்து உண்கின்றன. ஜாக் வார்ட், ஜோர்ஜ் பார்லோ என்னும் ஆய்வாளர் இருவர் 1967இல் இதனை விரிவாக எழுதினர். பாலூட்டும் பிராணியல்லாத மீனிடத்தே இப்படியொரு வழக்கம்! ஆதலினால், குஞ்சுகளைப் பெற்றோரிடமிருந்து உடனே பிரித்தெடுக்கும் அவசரம் நமக்கு உடன்பாடன்று. இயலுமாயின் மற்ற மீன்களையே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். சிறிய தொட்டியில் விரட்டுண்ட மீனுக்கு ஓடி ஒளிய இடமில்லை; செட்டை கிழிந்து அது மாண்டுபோதலும் உண்டு. இரண்டாந் தொட்டி வாங்க வசதியில்லாதோர் பழைய பிளாத்திக்கு வாளியையோ மண்தொட்டியையோ பயன்படுத்தலாம்.

பொரித்தவுடன் உணவிடல் வேண்டா. வயிற்றிலுள்ள மஞ்சட்கருப் பையே முதல் நாட்களுக்குப் போதும். தூவிய உணவு அழுகி நீரைக் கெடுக்கும். நீந்தத் தொடங்கிய அன்று ஆட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சுகளைக் கொடுத்தல் சாலச் சிறந்தது. ஒரு லீற்றர் நீரில் இரண்டு மேசைக்கரண்டி கல்லுப்பைக் கரைத்து, முட்டைகளை இட்டு, காற்றுக் குழாயை வைத்தால் நம் நாட்டு வெப்பத்தில் ஒன்றரை நாளுக்குள் பொரித்துவிடும். காற்றை நிறுத்தி ஒரு பக்கம் விளக்கைக் காட்டினால் குஞ்சுகள் வெளிச்சத்தை நாடித் திரளும். ஓடுகள் மேலே மிதக்கும். நன்னீரில் அலசி, சிறுசிறு அளவாக நாளுக்கு மூன்று நான்கு முறை இடுக. அவித்த முட்டையின் மஞ்சட்கருவைப் பலரும் சொல்வர். நம் அனுபவத்தில் அது குஞ்சை வளர்ப்பதிலும் நீரைக் கலக்குவதில் வல்லது.

நீரைப் பொறுத்தவரை யாழ்ப்பாணத்தார் கொடுத்துவைத்தவர்கள். சுண்ணாம்புக் கல்லினூடே ஊறிவரும் நம் கிணற்று நீர் எவ்வளவு வன்மையானது என்பதைக் கேத்தலின் அடியிற் படியும் வெண்படிவே சொல்லும். பிற ஊர் மீன்கள் சில இதிற் சோரும். களப்பிற் பிறந்த குரோமைட்டுக்கு இது நன்று. ஆயின் தோட்டங்களை அடுத்த கிணறுகளில் உரத்தினால் நைத்திரேற்று மிகுந்திருத்தல் கூடும். அத்தகைய நீரில் மழைநீரைக் கலப்பது நலம். நாள்தோறும் ஐந்திலொரு பங்கு நீரை மெல்லிய குழாயால் உறிஞ்சி மாற்றுக; குழாய் வாயிலே துணியைக் கட்டத் தவறினால் குஞ்சுகளும் நீரோடு போய்விடும். வடிகட்டியின் வாய்க்கும் கடற்பஞ்சு போன்ற ஸ்பொஞ்ச் துண்டொன்று தேவை.

இரவில் விளக்கைத் திடீரென அணைத்தல் கூடாது. மாலை மங்கும்போது பெற்றோர் குஞ்சுகளைத் திரட்டிக் குழியிற் சேர்க்கும். ஒரே கணத்தில் இருளானால் குஞ்சுகள் சிதறிவிடும். அவ்வாறு சிதறியவை காலைக்குள் மற்ற மீன்களுக்கு இரையாகும். தொட்டி விளக்கை அணைத்தபின் அறை விளக்கைச் சற்றுநேரம் எரியவிடுங்கள்.

ஒரு சோடி இருநூறு முட்டைகளுக்கு மேலும் இடக்கூடும். தப்பிப் பிழைத்தவற்றை நண்பர்க்குக் கொடுக்கலாம், மீன் கடைக்காரருக்கும் கொடுக்கலாம். கேணியிலோ குளத்திலோ விட்டுவிடுதல் மட்டும் ஆகாது. வெளிநாட்டு இனமாயின் அது எந்நாளும் திரும்பப் பிடிக்க இயலாத விருந்தாளி ஆகிவிடும். தாய் தந்தையர் மீண்டும் கல்லொன்றைத் துப்புரவு செய்யக் கண்டால் மூத்த குஞ்சுகளை அன்றே வேறிடத்துக்கு மாற்றுங்கள். அடுத்த முட்டை விழுந்ததும், நேற்று ஊட்டி வளர்த்த அதே குஞ்சுகளைப் பெற்றோர் அயலாராகக் கருதி விரட்டத் தொடங்கும்.