கம்பளியோடு பிறந்த நாய்

மார்கழி பிறந்துவிட்டால் உதகமண்டலத்தில் புல்வெளிமேல் உப்பைத் தூவினாற்போல் உறைபனி வெளுத்துக் கிடக்கும் காலைகள் உண்டு. "ஐயோ, நம் பொமரேனியன் நடுங்குமே!" என்று உடனே ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்துவிடாதீர்கள், சகோதரி! அது கம்பளியோடு பிறந்த பிராணி. நீண்ட மேல் ரோமத்துக்கு அடியில் பஞ்சுபோல் இன்னொரு ரோமம் இருக்கிறது. அதில் அடைபட்ட காற்றுதான் உடற்சூட்டைக் காக்கிறது.

ரோமம் நனைந்தாலோ, சிக்குப் பிடித்தாலோ அந்தக் காற்று தங்காது. ஈரம் நின்று தோலும் புண்ணாகும். ஆகவே தினமும் வாரிவிடுங்கள். குளிப்பாட்டுமுன்பே சிக்கெடுங்கள், நனைந்தபின் அது முடிச்சாக இறுகிவிடும். வெயில் ஏறியபின் வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, அடி ரோமம்வரை ஈரம் போகத் துவட்டுங்கள். பனிப்புல்லில் உலாவி வந்தால் பாதங்களையும் வயிற்றையும் துடையுங்கள். இரவில் படுக்க, சில்லிட்ட தரை வேண்டாம். பலகைமேல் பழைய கம்பளி போதும். குட்டிக்கும் கிழட்டு நாய்க்கும் மட்டும் மேலே ஒரு போர்வை கொடுங்கள்.

ஒன்றை மறக்கவே கூடாது. நாய்க்குக் குளிருகிறதே என்று கதவை அடைத்துக் கரிக்கணப்பு வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் விஷவாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. நாயை மட்டுமல்ல, அருகே தூங்கும் குழந்தைகளையும் அது எழுந்திருக்க விடாது!