பருக்கைச் சோறு உண்ணும் பூதம்



தைப்பிங்கில் மழையில்லாத இரவு வாய்ப்பது அரிது. ஆனாலும் ஆகஸ்டு மாதத்தில் அப்படியோர் இரவு கிடைத்தால், ஒன்பது மணி வாக்கில் தெருவிளக்கு இல்லாத இடமாகப் பார்த்துத் தெற்கு முகமாக நில்லுங்கள். தோட்டப்புறத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் வசதி. வளைந்த வாலோடு விருச்சிகம் தெரியும். அந்த வால்நுனியில் இருப்பதுதான் நமது பஞ்சாங்கத்தில் வரும் மூல நட்சத்திரம். அதற்கு இடப்புறம் தனுசு. இரண்டுக்கும் நடுவே, சற்று மேலாக, வெறுங்கண்ணுக்கு ஒன்றும் புலப்படாத ஓர் இடம் இருக்கிறது. நம் சூரியனும் கோடானுகோடி நட்சத்திரங்களும் அடங்கிய பால்வீதி மண்டலத்தின் நடுமையம் அதுதான்.

அங்கே ஒரு பூதம் குடியிருக்கிறது. நாற்பது லட்சம் சூரியன்களின் எடை அதற்கு. ஒளியைக்கூட வெளியே விடாத கருந்துளை அது. நம்மிடமிருந்து ஏறத்தாழ 26,000 ஒளி ஆண்டுத் தூரம். 1974இல் பாலிக், பிரவுன் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் அவ்விடத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கண்டார்கள். பிறகு ஜெர்மனியின் கென்செல் குழுவினரும் அமெரிக்காவின் ஆண்ட்ரியா கெஸ் குழுவினரும் அங்குள்ள நட்சத்திரங்களைப் பல ஆண்டுகள் விடாமல் கண்காணித்தார்கள். ஒரு நட்சத்திரம் பதினாறே ஆண்டுகளில் அந்த இருட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அதன் வேகத்திலிருந்து நடுவில் உள்ளதன் எடையைக் கணக்கிட்டார்கள். இருவருக்கும் 2020இல் நோபல் பரிசு கிடைத்தது.

“அது நம்மை விழுங்கிவிடாதா?” என்று கேட்பீர்கள். பயம் வேண்டாம். கருந்துளை எதையும் வலைவீசிப் பிடித்து இழுப்பதில்லை. மிக அருகே போனால்தான் ஆபத்து. எட்டி நிற்பவர்களுக்கு அதுவும் எடை மிகுந்த ஒரு பொருள்தான். விஞ்ஞானிகளை வாட்டியது வேறொரு கேள்வி. இவ்வளவு பெரிய பூதம் ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது?

ஏன் அப்படிக் கேட்டார்கள் என்று சொல்கிறேன். கல்யாணப் பந்தி நடக்கும் வீட்டில் ஆரவாரம் இருக்குமல்லவா? கருந்துளையின் பந்தியும் அப்படித்தான். அதை நோக்கி வரும் வாயு நேராக உள்ளே விழுவதில்லை. தொட்டியைத் திறந்துவிட்டால் தண்ணீர் சுழன்று இறங்குகிறதே, அதுபோலச் சுழன்றபடி இறங்கும். இறங்கும்போது ஒன்றோடொன்று உரசும். உள்ளங்கைகளைத் தேய்த்தாலே சூடு பிறக்கிறது. அங்கே பிறக்கும் சூடு எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்! விழும் பொருளின் எடையில் பத்தில் ஒரு பங்குகூட ஒளியாக மாறிவிடும். சூரியனுக்குள் எரியும் அணு நெருப்பு நூற்றில் ஒரு பங்கைக்கூட அப்படி மாற்றுவதில்லை. குவாசார் எனப்படும் தொலைதூர மண்டலங்களின் நடுவே இத்தகைய பந்தி நடப்பதால்தான் அவை பல நூறு கோடி ஒளி ஆண்டுகளுக்கு அப்பாலிருந்தும் பளிச்சிடுகின்றன.

நம் பூதமோ சில நூறு சூரியன்களின் ஒளியைத்தான் தருகிறது. பட்டினி கிடக்கிறதோ என்றால், அதுவும் இல்லை. பக்கத்தில் முப்பதுக்குக் கிட்டிய மாபெரும் நட்சத்திரங்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து வினாடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவு வேகத்தில் வாயு காற்றாக வீசுகிறது. அதில் ஒரு பகுதி கருந்துளையின் பிடிக்குள் வந்து சேருகிறது. சாப்பாடு வருகிறது, வெளிச்சம் வரவில்லை. எப்படி?

இந்தப் புதிருக்கு நல்ல விடை கண்டவர்களில் ஒருவர் ரமேஷ் நாராயண். 1971இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பட்டம் பெற்று, பெங்களூரில் ஆராய்ச்சி செய்து, பின்னர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். ஜப்பானிய விஞ்ஞானி இச்சிமாரு 1977இலேயே இக்கருத்தின் வித்தை ஊன்றியிருந்தார். நாராயணும் கொரியரான இன்சு யியும் 1994 முதல் அதை விரிவாக வளர்த்தார்கள்.

அவர்கள் சொன்னது இதுதான். வாயு மிக மெல்லியதாக இருந்தால், அதிலுள்ள புரோட்டானும் எலெக்ட்ரானும் ஒன்றையொன்று அபூர்வமாகத்தான் மோதும். உரசலில் பிறந்த சூட்டில் பெரும்பங்கு கனமான புரோட்டானிடம் சேருகிறது. அதை ஒளியாக வீசிச் செலவழிக்கக்கூடியது எலெக்ட்ரான். சம்பாதிப்பவர் ஒருவர், செலவழிப்பவர் வேறொருவர், இருவரும் சந்திப்பதே இல்லை என்றால் பணம் பெட்டியிலேயே தங்கிவிடும் அல்லவா? அதுபோல, சூடு வெளியே வராமல் வாயுவோடு சேர்ந்து கருந்துளைக்குள்ளேயே போய்விடுகிறது. அந்தச் சூட்டால் வாயு உப்பிப் பருத்து, பெரும்பகுதி மீண்டும் வெளியே வீசப்படுகிறது. பிடிக்குள் வந்த வாயுவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட உள்ளே போவதில்லை என்று சந்திரா என்னும் விண்வெளித் தொலைநோக்கி 2013இல் காட்டியது. 1930இல் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குப் படிக்கப் போய், 1983இல் நோபல் பரிசு பெற்ற நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத்தான் 1999இல் ஏவப்பட்ட அந்தத் தொலைநோக்கிக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

இனித்தான் விஷயத்தின் சாரம். உள்ளே போன சூடு என்ன ஆகும்? நடுவிலிருப்பது கல்லைப் போலக் கெட்டியான தரையுள்ள பொருள் என்று வைத்துக்கொள்வோம். வாயு அந்தத் தரையில் வந்து மோதும். கொண்டுவந்த சூடெல்லாம் அங்கே ஒளியாகச் சிதறும். நமக்கும் தெரிந்துவிடும். தரையே இல்லை, போனால் திரும்ப முடியாத எல்லை மட்டும்தான் இருக்கிறது என்றால், சூடும் சேர்ந்தே மறையும். 1997இல் நாராயணும் நண்பர்களும் சிறிய கருந்துளைகளையும் தரையுள்ள நியூட்ரான் நட்சத்திரங்களையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் சாதுவாக இருக்கும் காலத்தில், கருந்துளை எனக் கருதப்பட்டவை மிக மங்கலாக இருந்தன! ஆக, வெளிச்சம் வராததே அங்கே தரை இல்லை என்பதற்குச் சாட்சியாயிற்று. கண்ணால் காணாத ஒன்றை, காணாமற்போன சூட்டைக் கணக்கிட்டுப் பிடித்துவிட்டார்கள்.

பிறகு 2014இல் ஜி2 என்ற வாயுத்திரள் நம் பூதத்தின் அருகே வந்து கடந்தது. பெரிய வாணவேடிக்கை நடக்கும் என்று பலர் தொலைநோக்கியோடு காத்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. உலகின் பல மூலைகளிலுள்ள ரேடியோத் தொலைநோக்கிகளை இணைத்து 2017இல் திரட்டிய பதிவுகளிலிருந்து, 2022 மே 12ஆம் நாள் அதன் படம் வெளியானது. நடுவே இருள், சுற்றிலும் மங்கிய வளையம். அக்குழுவில் நாராயணும் உண்டு. அன்று அக்குழுவைச் சேர்ந்த ஒருவர், இந்தக் கருந்துளை ஒரு மனிதராக இருந்தால் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு ஒரு பருக்கைச் சோறுதான் உண்பார் என்ற பொருளில் சொன்னார்.

ஆனால் இது எப்போதும் இப்படியே இருந்ததில்லை. அருகிலுள்ள வாயு மேகங்களில் பட்டுத் திரும்பும் எக்ஸ்-கதிர்களை ஆராய்ந்தவர்கள், சில நூறு ஆண்டுகளுக்கு முன்னால் அது இன்றைவிடப் பன்மடங்கு பிரகாசித்திருக்கிறது என்கிறார்கள். இன்னொரு பெரிய வாயுத்திரள் வந்தால் மறுபடியும் பந்தி களைகட்டலாம். அப்போதும் இத்தனை தூரத்திலிருக்கும் நமக்குத் தீங்கில்லை.

ஆகஸ்டில் வானம் தெளிந்த ஓர் இரவில் பிள்ளைகளையும் கூட்டிப்போய் அந்த இடத்தைக் காட்டுங்கள். “அங்கே ஒன்றுமே தெரியவில்லையே” என்பார்கள். ஏன் தெரியவில்லை என்று சொல்ல இப்போது உங்களிடம் பதில் இருக்கிறது.